கடையில் பார்த்த கறுப்பு வீட்டிலும் கறுப்புதானா?

வீட்டுக்குப் புதிய தொலைக்காட்சி வாங்கலாம் என்று பேச்சு எழுந்தால், இப்போதெல்லாம் பெற்றோர் தனியாகக் கடைக்குப் போவதில்லை. இடைநிலைப்பள்ளியில் படிக்கும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போகிறார்கள். "இதெல்லாம் உனக்குத்தானே தெரியும், பார்த்துச் சொல்" என்று பொறுப்பை உங்கள் தலையில் கட்டிவிடுகிறார்கள். அப்படி மாட்டிக்கொண்ட படிவம் நான்கு மாணவி ஒருவர் சென்ற மாதம் என்னிடம் வந்தார்.

"டீச்சர், அப்பா போனஸ் காசுல ஓஎல்இடி டிவி வாங்கலாம்னு சொல்றாரு. கடையில பார்த்தோம், சூப்பரா இருந்துச்சு. ஆனா பத்தாயிரம் வெள்ளி. அவ்வளவு காசு கொடுக்கலாமா?"

விலைச்சீட்டைக் கைப்பேசியில் படமெடுத்து வைத்திருந்தார். 65 அங்குலம், 4கே, 120 ஹெர்ட்ஸ், 0.1 மில்லிநொடி, 60 வாட், டோல்பி அட்மோஸ். எல்லாவற்றுக்கும் மேலே பெரிய எழுத்தில், வெள்ளைக்கும் கறுப்புக்கும் உள்ள வேறுபாடு 'முடிவிலிக்கு 1' என்று போட்டிருந்தது.

பத்தாயிரம் வெள்ளி ஒரு குடும்பத்துக்குச் சின்னத் தொகை இல்லை. நான் வாங்கு என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. "உங்க வீட்டு ஹால்ல எத்தனை லக்ஸ் வெளிச்சம் இருக்குன்னு அளந்துக்கிட்டு வா" என்று ஒரு வீட்டுப்பாடம் கொடுத்தேன். தொலைக்காட்சியைப் பற்றிக் கேட்டால் டீச்சர் ஹாலைப் பற்றிக் கேட்கிறாரே என்று அவர் விழித்தார். காரணத்தை உங்களுக்கும் சொல்கிறேன்.

கறுப்பு எங்கிருந்து வருகிறது?

சாதாரண எல்சிடி தொலைக்காட்சியில் திரைக்குப் பின்னால் ஒரு விளக்கு எரிந்துகொண்டே இருக்கிறது. திரவப் படிகம் அந்த ஒளியைத் திறந்து மூடும் குட்டிச் சன்னல். எவ்வளவு இறுக்கி மூடினாலும் சன்னல் இடுக்கில் கொஞ்சம் ஒளி கசியும். நள்ளிரவுக் காட்சியில் வானம் கறுப்பாக இல்லாமல் சாம்பல் பூத்ததுபோல் தெரிவது இந்தக் கசிவால்தான்.

திரையின் ஒளிர்வை 'நிட்' என்னும் அலகால் அளக்கிறார்கள். ஒரு சதுர மீட்டர் பரப்புக்கு ஒரு கேண்டெலா என்பது ஒரு நிட். வெள்ளையை 300 நிட்டில் காட்டும் ஒரு நல்ல எல்சிடி திரை, கறுப்பாக இருக்க வேண்டிய இடத்தில் 0.1 நிட் அளவுக்கு ஒளியைக் கசியவிடும். அதாவது வேறுபாடு 3000க்கு 1.

ஓஎல்இடி திரையில் பின்னொளியே கிடையாது. 4கே திரையில் குறுக்காக 3840, நெடுக்காக 2160 படப்புள்ளிகள் இருக்கின்றன. பெருக்கிப் பாருங்கள், ஏறத்தாழ 8.3 மில்லியன். ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும் ஒரு விளக்கு. கறுப்பு வேண்டும் என்றால் அந்தப் புள்ளிக்குப் போகும் மின்னோட்டத்தை நிறுத்திவிட்டால் போதும். கசிவதற்கு அங்கே ஒளியே இல்லை. எந்த எண்ணையும் பூச்சியத்தால் வகுக்க முடியாது என்பதால்தான் விலைச்சீட்டில் முடிவிலி வந்து உட்கார்ந்திருக்கிறது.

பெயரில் உள்ள 'ஆர்கானிக்' என்ற சொல்லைப் பார்த்து, உரக்கடை இல்லாமல் விளைந்த கத்தரிக்காயை நினைத்துக்கொள்ள வேண்டாம். வேதியியலில் அது கரிமச் சேர்மத்தைக் குறிக்கிறது. மின்னோட்டம் பாயும்போது ஒளிவிடும் கரிமப் பொருளின் மெல்லிய அடுக்குகள் இதில் இருக்கின்றன. அமெரிக்காவின் ஈஸ்ட்மன் கோடாக் நிறுவனத்தில் வேலை பார்த்த சிங் டாங், ஸ்டீவன் வான் ஸ்லைக் இருவரும் 1987இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரைதான் இதற்குத் திருப்புமுனை. பத்து வோல்ட்டுக்கும் குறைந்த மின்னழுத்தத்திலேயே பளிச்சென்று ஒளிரும் ஈரடுக்கு டையோடை அவர்கள் செய்து காட்டினார்கள். அங்கிருந்து வீட்டுக்கு வந்து சேர இருபது ஆண்டு ஆயிற்று. சோனி 2007இல் விற்ற முதல் ஓஎல்இடி தொலைக்காட்சி 11 அங்குலம்தான், உங்கள் பயிற்சிப் புத்தகத்தைவிடக் கொஞ்சம் பெரியது. எல்ஜி 55 அங்குலத் திரையை 2013இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது.

இன்று கடையில் இரண்டு வகை உண்டு. ஒன்றில் வெள்ளை ஒளியை உண்டாக்கி, அதை வண்ண வடிகட்டிகள் வழியே அனுப்புகிறார்கள். இன்னொன்றில் பெரும்பாலும் நீல ஒளியை உண்டாக்கி, குவாண்டம் புள்ளிகள் எனப்படும் மிக நுண்ணிய படிகங்களைக் கொண்டு அதைச் சிவப்பாகவும் பச்சையாகவும் மாற்றுகிறார்கள். அந்தக் குவாண்டம் புள்ளிகளுக்காகத்தான் பாவெண்டி, புரூஸ், எக்கிமோவ் மூவருக்கும் 2023இல் வேதியியல் நோபெல் பரிசு கிடைத்தது. இந்த இரண்டாம் வகையில் நிறங்கள் பிரகாசமான காட்சியிலும் வெளிறாமல் நிற்கும். ஆனால் அதற்கு ஒரு பலவீனமும் உண்டு, கொஞ்சம் பொறுங்கள்.

விளக்கைப் போட்டதும் நடப்பது

இப்போது ஹாலுக்கு வருவோம். திரையிலிருந்து உங்கள் கண்ணுக்கு வருவது திரை உண்டாக்கும் ஒளி மட்டுமல்ல. சன்னல், மேசை விளக்கு, வெள்ளைச் சுவர் எல்லாவற்றிலிருந்தும் திரைமேல் விழும் ஒளியில் ஒரு பங்கு திரும்பி உங்களிடம் வருகிறது. கறுப்புப் புள்ளி தானாக ஒளி விடாவிட்டாலும், இந்தத் திரும்பிய ஒளி அதன்மேல் ஒரு மெல்லிய பாலாடைபோல் படிகிறது.

எவ்வளவு படிகிறது என்பதைக் கணக்கிடலாம். ஒரு பரப்பின்மேல் விழும் வெளிச்சத்தை லக்ஸில் அளக்கிறோம். அந்த லக்ஸைப் பரப்பு எதிரொளிக்கும் பங்கால் பெருக்கி, பையால் வகுத்தால், பரப்பு எத்தனை நிட் ஒளிர்கிறது என்பது கிடைக்கும். ஒளியை எல்லாத் திசைக்கும் சிதறடிக்கும் பரப்புக்கான எளிய கணக்கு இது. திரை ஒரு விழுக்காட்டு ஒளியை இப்படித் திருப்புகிறது என்று வைத்துக்கொள்வோம்.

பகல் நேரத்தில் உங்கள் ஹாலில் திரைமேல் 200 லக்ஸ் விழுந்தால், 200 × 0.01 ÷ 3.14, அதாவது ஏறத்தாழ 0.64 நிட். ஓஎல்இடியின் கறுப்பு இப்போது பூச்சியம் இல்லை, 0.64. எல்சிடியின் கறுப்பு அதன் சொந்தக் கசிவையும் சேர்த்து 0.74. இரண்டிலும் வெள்ளை 300 நிட் என்றால், ஓஎல்இடியின் வேறுபாடு ஏறத்தாழ 470க்கு 1. எல்சிடியின் வேறுபாடு 406க்கு 1. முடிவிலி எங்கே போயிற்று?

கடையில் இன்னும் மோசம். வெளிச்சம் கொட்டும் கடைக்குள் திரைமேல் 1000 லக்ஸ் விழுந்தால் கணக்கு 95க்கும் 92க்கும் வந்து நிற்கிறது. அந்தச் சுவரின் முன் நின்றுகொண்டு இரண்டு திரைகளின் கறுப்பையும் ஒப்பிடுவது, பஜாரில் கூட்டத்துக்கு நடுவே நின்று கடிகாரத்தின் டிக் டிக் ஓசையைக் கேட்க முயல்வதுபோல. பிறகு எதைப் பார்த்து அந்தக் குடும்பம் மயங்கியது? அதை அடுத்த பகுதியில் சொல்கிறேன்.

இப்போது விளக்கை அணையுங்கள். இரவில் அடுப்படி விளக்கு மட்டும் எரிய, திரைமேல் 5 லக்ஸ் விழுகிறது என்று கொள்ளுங்கள். ஓஎல்இடியின் வேறுபாடு ஏறத்தாழ 19,000க்கு 1 ஆகிவிடுகிறது. எல்சிடி 2600க்கு 1இல் நிற்கிறது. ஏழு மடங்கு! விண்வெளிப் படமோ பேய்ப் படமோ ஓடினால், திரையின் விளிம்பு எது, அறையின் இருட்டு எது என்றே தெரியாது. ஓஎல்இடிக்குக் கொடுக்கும் கூடுதல் பணம் இந்த அறையில்தான் பலன் தருகிறது.

ஆகவே 'இந்தத் தொலைக்காட்சி நல்லதா?' என்று கேட்டால் பாதிக் கேள்விதான் கேட்கிறீர்கள். எந்த அறையில், எந்த நேரத்தில் என்பதும் சேர்ந்தால்தான் கேள்வி முழுமையாகும். இதை அளக்க ஆய்வுக்கூடம் தேவையில்லை. பல ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் முன்பக்கத்தின் மேல்விளிம்பில் ஒளி உணரி இருக்கிறது. அதைப் படிக்கும் இலவசச் செயலிகளும் உண்டு. கைப்பேசியின் முகம் ஹாலைப் பார்த்தபடி இருக்க, அதைத் தொலைக்காட்சி வரப்போகும் இடத்தில் செங்குத்தாகப் பிடித்து எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். மேசைமேல் படுக்க வைத்து அளந்தால் கூரை விளக்கைத்தான் அளப்பீர்கள்.

முன்பு சொன்ன பலவீனத்தையும் பார்த்துவிடுவோம். குவாண்டம் புள்ளி வகைத் திரைகளில், வெளியொளியை விழுங்கும் முனைவாக்கி ஏடு இல்லாமல் செய்கிறார்கள். அதனால் பகல் வெளிச்சத்தில் அவற்றின் கறுப்பு சற்றே சாம்பல் கலந்து தெரியும். இருட்டறையில் இந்தக் குறை மறைந்துபோகும். பளபளப்பான திரைகளில் இன்னொரு தொல்லை, சன்னல் அப்படியே கண்ணாடியில் தெரிவதுபோல் தெரியும். சாம்சங் 2024இல் கொண்டுவந்த எஸ்95டி போன்ற சில திரைகளில் சொரசொரப்பான பூச்சு இருக்கிறது. சன்னலின் உருவம் அதில் தெரியாது, ஆனால் அதன் ஒளி திரை முழுதும் பரவிவிடும். சட்டப்படி ஒளி எங்காவது போய்த்தான் ஆக வேண்டும்.

நிட் கூடினால் நல்லதா?

கடையில் மயக்குவது வெளிச்சமும் நிறமும். கடைக்கென்றே ஒரு காட்சி நிலை தொலைக்காட்சியில் இருக்கிறது. அதில் ஒளிர்வு உச்சத்தில் இருக்கும், வெள்ளை நீலம் பாரித்திருக்கும், நிறங்கள் மிட்டாய்போல் இருக்கும். திரைப்படங்களைச் சரிபார்க்கும் கூடங்களில் வெள்ளை என்பது ஏறத்தாழ 6500 கெல்வின் நிறவெப்பநிலை கொண்ட பகலொளி. அதைவிட நீலமான வெள்ளை முதல் பார்வைக்குச் 'சுத்தமாக' இருக்கும். அரை மணி நேரம் பார்த்தால் மனிதர்களின் தோல் நிறம் பிணம்போல் இருப்பது புரியும்.

விற்பனையாளரிடம் தயங்காமல் கேளுங்கள்: "அண்ணே, கடை நிலையை எடுத்துவிட்டு ஃபிலிம்மேக்கர் நிலையில் வைக்க முடியுமா?" 2019இல் தயாரிப்பாளர்களும் திரைப்படத்துறையினரும் சேர்ந்து அறிவித்த நிலை அது. தொலைக்காட்சி தானாகச் சேர்க்கும் மெருகுகள் அதில் நிறுத்தப்படும். பூப்பந்தும் கிளிகளும் பறக்கும் விளம்பரப் படத்தை நிறுத்தச் சொல்லி, இருண்ட காட்சி உள்ள ஒரு படத்தைப் போடச் சொல்லுங்கள். கறுப்புச் சட்டையின் மடிப்புகள் தெரிகின்றனவா, ஒரே கறுப்பாக அப்பிக் கிடக்கிறதா? மாலை வானம் சீராக மாறுகிறதா, படிக்கட்டுபோல் வரிவரியாக இருக்கிறதா? கண்ணை ஏமாற்ற முடியாத கேள்விகள் இவை.

உச்ச ஒளிர்வைப் பற்றியும் ஒரு விஷயம். அண்மைய உயர்ரக ஓஎல்இடி திரைகள் 2000 நிட்டைத் தாண்டுகின்றன. ஆனால் அது திரையில் பத்து விழுக்காட்டுப் பரப்பு மட்டும் வெள்ளையாக இருக்கும்போது கிடைக்கும் எண். திரை முழுவதும் வெள்ளையானால் மின்சாரமும் வெப்பமும் எல்லை மீறாமலிருக்கத் தொலைக்காட்சி தானே ஒளிர்வைச் சில நூறு நிட்டுக்கு இறக்கிவிடும். கத்தியின் முனையில் மின்னும் வெயில், நீரில் தெறிக்கும் விளக்கொளி போன்றவற்றுக்கு 2000 நிட் பயன்படும். திரை நிறையப் பச்சைப் புல்வெளி தெரியும் காற்பந்தாட்டத்துக்கு அது வராது.

மேலும், நம் கண் ஒளியை நேர்விகிதத்தில் உணர்வதில்லை. இருட்டில் ஒளியை இருமடங்காக்கினால், கண்ணுக்குக் கால் பங்கு அளவுக்குத்தான் கூடியதாகத் தெரியும் என்பது ஸ்டீவன்ஸ் என்ற உளவியலாளர் கண்ட விதியிலிருந்து கிடைப்பது. 1500 நிட்டுக்கும் 1800 நிட்டுக்கும் உள்ள வேறுபாட்டுக்காக ஆயிரம் வெள்ளி கூடக் கொடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

இருக்கும் தூரத்தையும் அளந்துகொள்ளுங்கள். நல்ல கண்ணால் பிரித்தறிய முடிந்த மிகச் சிறிய கோணம், ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு. 65 அங்குலத் திரையின் அகலம் 144 சென்டிமீட்டர். அதை 3840ஆல் வகுத்தால் ஒரு படப்புள்ளி 0.375 மில்லிமீட்டர். அது அந்தக் கோணத்துக்குள் அடங்கும் தூரம் ஏறத்தாழ 1.3 மீட்டர். அதற்கு மேல் தள்ளி உட்கார்ந்தால் 4கே புள்ளிகளைத் தனித்தனியாகப் பார்க்கவே முடியாது. பழைய ஃபுல் எச்டிக்கு அந்தத் தூரம் 2.6 மீட்டர். டெரஸ் வீட்டு ஹாலில் சோபா பெரும்பாலும் அந்த எல்லைக்கு அருகில்தான் இருக்கிறது. யாராவது 8கே வாங்கச் சொன்னால் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டுங்கள்.

விளையாடுபவர்களுக்கு

இந்தப் பகுதியை முதலில் படிக்கத் தாவி வந்தவர்கள் இருப்பீர்கள் என்று தெரியும்.

0.1 மில்லிநொடி என்பது ஒரு படப்புள்ளி ஒரு நிறத்திலிருந்து இன்னொரு நிறத்துக்கு மாறும் நேரம். எல்சிடியில் திரவப் படிகம் திரும்ப வேண்டியிருப்பதால் சில மில்லிநொடிகள் ஆகும். ஓஎல்இடி இதில் தெளிவாக முன்னால் நிற்கிறது. ஆனால் இதனால் மங்கல் அறவே போய்விடும் என்று நினைக்காதீர்கள். ஒரு பந்து திரையை இரண்டு நொடியில் கடக்கிறது என்று கொள்வோம். நொடிக்கு 1920 புள்ளிகள். 60 ஹெர்ட்ஸில் ஒவ்வொரு சட்டகமும் நொடியின் அறுபதில் ஒரு பங்கு நேரம் அசையாமல் நிற்கிறது. உங்கள் கண்ணோ பந்தைத் தொடர்ந்து நகர்ந்துகொண்டே இருக்கிறது. அந்த நேரத்துக்குள் கண் 32 புள்ளிகள் நகர்ந்துவிடும், அதாவது 12 மில்லிமீட்டர். அந்த அளவுக்குப் பந்து இழுபட்டுத் தெரியும். 120 ஹெர்ட்ஸில் 16 புள்ளிகளாகப் பாதி ஆகிறது. அதனால் விலைச்சீட்டில் 0.1ஐவிட 120தான் உங்களுக்கு முக்கியம்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. திரைப்படம் நொடிக்கு 24 சட்டகங்கள்தான். எல்சிடியின் மந்தம் ஒரு சட்டகத்தை அடுத்ததோடு கொஞ்சம் குழைத்துவிடும். ஓஎல்இடி சட்டென்று மாறுவதால், கேமரா மெல்லத் திரும்பும் காட்சிகளில் படம் தத்தித் தத்திப் போவதுபோல் சிலருக்குத் தெரியும். வேகமாக மாறுவதற்குக் கொடுக்கும் விலை அது.

பொத்தானை அழுத்தியதற்கும் திரையில் உதை விழுவதற்கும் இடைப்பட்ட தாமதம் வேறு. திரைப்பட நிலையில் தொலைக்காட்சி பல சட்டகங்களை வாங்கி வைத்து மெருகூட்டுவதால் இந்தத் தாமதம் நூறு மில்லிநொடியை நெருங்கலாம். விளையாட்டு நிலைக்கு மாற்றினால் 60 ஹெர்ட்ஸில் பத்து மில்லிநொடி அளவுக்குக் குறையும். ஒன்றைக் கண்ணால் கண்டு கை அசைய மனிதனுக்கே 200 மில்லிநொடிக்கு மேல் ஆகும்போது, இன்னொரு நூறைக் கூட்டினால் தோற்பது இயல்பு. வீட்டிலேயே சோதிக்கலாம். கைப்பேசியில் நொடிக்கு 240 சட்டகம் எடுக்கும் மெதுவோட்டப் பதிவை வைத்து, கட்டுப்படுத்தியும் திரையும் ஒரே சட்டத்தில் வருமாறு படமெடுங்கள். பொத்தான் அழுந்தியதிலிருந்து திரை மாறும்வரை சட்டகங்களை எண்ணுங்கள். ஒவ்வொன்றும் 4.2 மில்லிநொடி. ஒருமுறை திரைப்பட நிலையில், ஒருமுறை விளையாட்டு நிலையில். 18 சட்டகம் வித்தியாசம் வந்தால், 75 மில்லிநொடி தொலைக்காட்சியின் மெருகுக்குப் போகிறது என்று பொருள். இணையத் தாமதம் இதில் சேராது. வைஃபை மெதுவாக இருந்தால் எந்தத் தொலைக்காட்சியும் உங்களைக் காப்பாற்றாது.

அடுத்து, பெட்டியின் பின்பக்கத்தைப் பாருங்கள். 4கே படத்தில் ஒரு புள்ளிக்கு 30 பிட் வீதம் நொடிக்கு 120 முறை அனுப்ப வேண்டும். 3840 × 2160 × 30 × 120, ஏறத்தாழ 30 கிகாபிட். பழைய எச்டிஎம்ஐ 2.0 இணைப்பின் உச்சம் 18 கிகாபிட். ஆகவே அது போதாது. எச்டிஎம்ஐ 2.1 அதிகபட்சம் 48 வரை தாங்கும். சில தொலைக்காட்சிகளில் நான்கு துளைகளில் இரண்டு மட்டுமே 2.1. அவற்றில் ஒன்றை ஒலிப்பட்டைக்குக் கொடுத்துவிட்டால் மிஞ்சுவது ஒன்று. பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் இரண்டும் 4கேயில் 120 ஹெர்ட்ஸ் அனுப்பக்கூடியவை. ஆனாலும் பல விளையாட்டுகள் 60இலேயே ஓடுகின்றன. நீங்கள் விளையாடும் விளையாட்டு எதில் ஓடுகிறது என்று பார்த்துவிட்டு ஆசைப்படுங்கள்.

மாறும் புதுப்பிப்பு வேகம் என்பது, விளையாட்டுக் கருவி ஒரு சட்டகத்தை முடிக்கும்வரை திரை காத்திருக்கும் ஏற்பாடு. அது இல்லாவிட்டால் பாதிச் சட்டகம் பழையது, பாதி புதியது என்று படம் குறுக்கே கிழிந்து தெரியும். பயனுள்ள வசதி. ஆனால் வேகம் ஏறி இறங்கும்போது ஓஎல்இடியின் இருண்ட காட்சிகளில் ஒளி மினுக்கென்று துடிக்கலாம். குகைக்குள் நடக்கும் விளையாட்டைப் போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும்.

மெலிந்த பெட்டிக்குள் ஒலி

ஒலியைப் பற்றி எனக்கு அதிக நம்பிக்கை இல்லை. 50 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 340ஐ 50ஆல் வகுத்தால் 6.8 மீட்டர். அப்படிப்பட்ட அலையை உரக்க எழுப்ப நிறையக் காற்றைத் தள்ள வேண்டும். அதிர்வெண் பாதியானால், அதே உரப்பு கிடைக்க ஒலிபெருக்கியின் கூம்பு நான்கு மடங்கு தூரம் முன்னும் பின்னும் அசைய வேண்டும். விரல் தடிமன் உள்ள பெட்டிக்குள் அதற்கு இடம் எங்கே? தவில் ஓசையில் தொப்பி அடி கேட்காமல் சட்சட்டென்று மட்டும் கேட்பது அதனால்தான்.

60 வாட் என்பது மின்திறன். ஒலி இருமடங்கு உரக்கக் கேட்கப் பத்து மடங்கு திறன் வேண்டும். எனவே 40க்கும் 60க்கும் காது பெரிதாக வேறுபாடு காணாது. சோனி 2017 முதல் சில ஓஎல்இடிகளில் திரையையே பின்னாலிருந்து அதிரவைத்து ஒலியை எழுப்புகிறது. பேசுபவர் வாயிலிருந்தே குரல் வருவதுபோல் இருக்கும், அது நல்ல யோசனை. டோல்பி அட்மோஸில் ஒவ்வோர் ஒலிக்கும் அது வர வேண்டிய இடம் குறிக்கப்பட்டிருக்கும். மேலிருந்து வரும் ஒலியைக் கூரையில் மோதித் திருப்புவது ஒரு வழி. உயரமான கூரையும் நடுவில் சுழலும் காற்றாடியும் உள்ள ஹாலில் அது எவ்வளவு எடுபடும் என்று நீங்களே யோசியுங்கள். தொலைக்காட்சியில் ஒரு படி குறைந்த மாடலை வாங்கி, மிச்சப் பணத்தில் தனி ஒலிபெருக்கியுடன் கூடிய ஒலிப்பட்டை வாங்குவதையே நான் சொல்வேன். அதை இணைக்க 'இஆர்க்' என்று குறித்த துளை இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

சுவர் சுவிட்சை அணைக்கலாமா?

இரவு படுக்கப் போகும்முன் சுவரில் உள்ள எல்லாச் சுவிட்சுகளையும் அணைத்துவிட்டுப் போகும் பாட்டிகள் நம் வீடுகளில் உண்டு. ஓஎல்இடிக்கு அது ஆகாது.

கரிமப் பொருள் ஒளிர ஒளிரத் தேய்கிறது. நீலம்தான் முதலில் தேயும். 460 நானோமீட்டர் நீல ஒளியின் ஒரு ஃபோட்டானுக்கு ஏறத்தாழ 2.7 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல். சிவப்புக்கு 2 போதும். அதிக ஆற்றல் கையாளும் மூலக்கூறுகள் விரைவில் சிதைகின்றன. திரை முழுதும் ஒரே சீராகத் தேய்ந்தால் கண்ணுக்குத் தெரியாது. செய்தி அலைவரிசையின் சின்னமோ விளையாட்டில் மாறாமல் நிற்கும் உயிர்க்கோடோ ஒரே இடத்தில் ஆண்டுக்கணக்கில் ஒளிர்ந்தால், அந்த வடிவத்தில் தழும்பு விழும். இதைத் தள்ளிப்போடத் தொலைக்காட்சி ஒரு வேலை செய்கிறது. பல மணி நேரம் பார்த்தபின் ரிமோட்டில் அணைத்ததும், அது தூங்குவதுபோல் இருந்துகொண்டு புள்ளிகளின் தேய்மானத்தை அளந்து ஈடுசெய்கிறது. சுவிட்சை அணைத்தால் அந்த வேலை நின்றுபோகும். இடி மின்னல் நேரத்தில் மட்டும் அணையுங்கள். கடையில் உத்தரவாதத்தைப் படிக்கும்போது, திரைத் தழும்பு அதில் அடங்குமா என்பதைக் கட்டாயம் கேளுங்கள். வாயால் சொன்னால் போதாது, தாளில் காட்டச் சொல்லுங்கள்.

அந்த மாணவி மறுவாரம் தாளோடு வந்தார். மாலை நான்கு மணிக்கு, வாசல் கதவு திறந்திருக்க 240 லக்ஸ். இரவு விளக்கு எரிய 60. எல்லாம் அணைத்தபின் 4. பக்கத்தில் யார் எப்போது பார்க்கிறார்கள் என்றும் எழுதியிருந்தார், அதை நான் கேட்கவே இல்லை. பாட்டி மதியத்திலிருந்து மாலைவரை நாடகம். தம்பி சாயங்காலம் விளையாட்டு. அப்பா விடியற்காலை மூன்று மணிக்கு, எல்லாரும் தூங்கியபின், ஐரோப்பியக் காற்பந்து. இருட்டில் பார்க்கும் ஒரே ஆள் அப்பா. அவர் பார்ப்பதோ கறுப்பே இல்லாத பச்சைத் திடல்.

"அப்போ வாங்க வேணாமா டீச்சர்?" என்றார். வாரக் கடைசியில் குடும்பமாகப் படம் பார்ப்பீர்களா என்று கேட்டேன். பார்ப்போம், ஆனால் சன்னல் வெளிச்சம் திரையில் அடிக்கும் என்றார். போன வாரம் கேட்டபோது தொலைக்காட்சி இன்னும் வாங்கவில்லையாம். கனமான திரைச்சீலை ஒன்று வாங்கி மாட்டியிருக்கிறார்கள். பழைய எல்சிடியே முன்பைவிட நன்றாகத் தெரிகிறது என்று அப்பா சொல்கிறாராம். மூடிய சன்னலோடு மறுபடி அளந்ததில் மாலை நான்கு மணிக்கு 35 லக்ஸ்.